ஜன்னலில் வடிவது யார் வீட்டுத் தண்ணீர்?

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் முதல் குளிர்காலத்தை ஒரு பேஸ்மென்ட் வீட்டில் கழித்தோம். டிசம்பர் பாதியில் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் படுக்கையறை ஜன்னல் முழுக்கத் தண்ணீர். கோடு கோடாக வடிந்து, கீழ்க்கட்டையில் தேங்கி, அங்கிருந்து சுவரிலும் இறங்கியிருந்தது. துடைத்த துண்டைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும். பேஸ்மென்ட் ஜன்னல் கிட்டத்தட்ட தரைமட்டத்தில்தான் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்னோ முட்டிக்கொண்டு குவிந்து கிடந்தது. சரி, அதுதான் உருகி இடுக்கு வழியாக உள்ளே வருகிறது என்று நானே முடிவுகட்டி, ஒரு டியூப் சிலிகான் வாங்கி வந்து ஜன்னலைச் சுற்றி அப்பினேன். மறுநாள் காலையும் அதே தண்ணீர், அதே துண்டு.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த ஊர்க் குளிரைப் பார்த்தவர். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு விரலைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது வெளியால வாற தண்ணி இல்லை. நீங்கள் அவிக்கிற சோறுதான் உதிலை நிண்டு வடியுது."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலியும்தான், ஆனால் அறிவியல் அதிலேயே முழுதாக இருந்தது. அவர் ஒரே வரியில் சொன்னதைத்தான் நான் இங்கே நீட்டி முழக்கப் போகிறேன்.

ஊரில் எல்லோரும் பார்த்த விஷயம்தான் இது. ஃபிரிட்ஜ் தண்ணீரைப் பித்தளைச் சொம்பில் ஊற்றி வைத்தால் சிறிது நேரத்தில் சொம்பு வெளிப்பக்கம் வியர்க்கும். சொம்பில் ஓட்டை இல்லை. பக்கத்தில் இருந்த காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி, குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் மறுபடி தண்ணீராகிவிட்டது. ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்குள் வந்தவுடன் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதே கணக்கு. குளிர்நாட்டு ஜன்னலில் திசை மட்டும் மாறுகிறது. ஈரமான காற்று வீட்டுக்குள்ளே, குளிர் வெளியே, நடுவில் கண்ணாடி. அதனால் உள்பக்கம் நனைகிறது.

ஏன் குளிர்ந்ததும் தண்ணீராகிறது? காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றை எடுத்துக்கொள்வோம், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். 30 டிகிரி செல்சியஸில் அதில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. மைனஸ் 10 டிகிரியில் இரண்டேகால் கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

கிராமில் சொன்னால் மனதில் நிற்காது. பழைய அளவையில் சொல்கிறேன்: ஒரு படிக்கு நான்கு உழக்கு, அல்லது எட்டு ஆழாக்கு. 30 டிகிரிக் காற்று ஒரு படி என்றால், 20 டிகிரிக் காற்று அரைப்படிக்குக் கொஞ்சம் மேல். 10 டிகிரிக் காற்று ஓர் உழக்குக்குக் கொஞ்சம் மேல். 0 டிகிரிக் காற்று ஆழாக்குக்குக் கொஞ்சம் மேல். மைனஸ் 10 டிகிரி என்றால் அரை ஆழாக்கு. அரைப்படி நிறைய இருந்ததை ஆழாக்கில் கவிழ்த்தால் மிச்சம் கீழே சிந்தத்தானே செய்யும்? கண்ணாடியில் சிந்துவது அந்த மிச்சம்தான். (இயற்பியல்காரர்கள் "காற்று ஒன்றும் பாத்திரம் இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் ஜன்னல் துடைக்கிறவருக்கு இந்தப் படிக் கணக்கு போதும்.)

இதிலிருந்து இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். முதல் சொல் ஒப்பு ஈரப்பதம். இருக்கக்கூடிய அளவில் இப்போது எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வது. 20 டிகிரி அறையில் ஒரு கன மீட்டருக்கு எட்டரை கிராம் நீராவி இருந்தால், அது பாதி, அதாவது 50 சதவீதம். இரண்டாவது சொல் பனிநிலை. அந்தக் காற்றை எத்தனை டிகிரி வரை குளிர்வித்தால் அளவு நிறைந்து வழியத் தொடங்கும் என்பது. 20 டிகிரி அறையில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 12 டிகிரி. 50 சதவீதம் என்றால் 9 டிகிரி. 40 சதவீதம் என்றால் 6. 30 சதவீதம் என்றால் 2. கண்ணாடியின் உள்பக்கம் இந்த எண்ணைவிடக் கீழே இறங்கினால் நனையும், இறங்காவிட்டால் நனையாது. வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

பனி என்ற சொல்லையும் பாருங்கள். புல்லில் படிவது, மலையில் மூடுவது, கனடாவில் கொட்டுவது எல்லாமே நமக்குப் பனிதான். கண்கள் பனித்தன என்றும் சொல்கிறோம். ஜன்னல் கண்ணாடிக்கும் அதே சொல் அப்படியே பொருந்துகிறது.

சரி, கண்ணாடி எத்தனை டிகிரியில் இருக்கும்? அது என்ன வகைக் கண்ணாடி என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குள் 20, வெளியே மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் உறைநிலைக்கும் கீழே போய்விடும். தண்ணீர் படிவது மட்டுமல்ல, படிந்தது உறைந்து கண்ணாடியில் பூவேலைப்பாடு மாதிரி நிற்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்று அடைத்தது, உள்பக்கம் 9 டிகிரி அளவில் இருக்கும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு போட்டு ஆர்கான் வாயு அடைத்த இரட்டைக் கண்ணாடி 14 டிகிரி வரை நிற்கும். மூன்றடுக்கு இன்னும் மேல். இவை கண்ணாடியின் நடுப்பகுதிக்கான தோராயக் கணக்குகள். விளிம்பு எப்போதும் நடுவைவிடச் சில டிகிரி குளிராக இருக்கும். பழைய இரட்டைக் கண்ணாடிகளில் இரண்டையும் பிரித்து நிறுத்த ஓரத்தில் அலுமினியப் பட்டை வைத்திருப்பார்கள். அது குளிரை நேராக உள்ளே கடத்தும். போதாக்குறைக்குக் கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தேங்கும். அதனால்தான் எந்த ஜன்னலிலும் முதலில் நனைவது அடி விளிம்பு.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 10, பழைய இரட்டைக் கண்ணாடி 9 டிகிரி, விளிம்பு அதைவிடக் கீழே. வீட்டில் 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் பனிநிலை 9. மயிரிழையில் தொங்குகிறது, விளிம்பு நிச்சயம் நனையும். 35 அல்லது 40 சதவீதத்தில் வைத்தால் தப்பிக்கலாம். மைனஸ் 20 ஆனால் அதே கண்ணாடி ஐந்தரை டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது 25, 30 சதவீதம்தான் பாதுகாப்பு. குளிர்காலத்தில் வீட்டு ஈரப்பதத்தை 30 சதவீதத்தை ஒட்டி வையுங்கள் என்று கனடா சுகாதாரத் துறை சொல்வதை முதலில் படித்தபோது, ஏதோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அதன் நியாயம் விளங்கியது.

அப்படியானால் வீட்டுக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதில்தான் நம் ஆட்களுக்குத் தனிச் சிறப்பு இருக்கிறது.

முதலில் நாமே. தூங்குகிற ஓர் ஆள் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளியே விடுகிறார். கணவன் மனைவி இருவர், எட்டு மணி நேரம்: 640 கிராம். 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் உள்ள படுக்கையறையில் 29 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் அந்த அறைக் காற்றின் மொத்தக் கொள்ளளவே 500 கிராம்தான், அதிலும் பாதி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத் தூங்கினால் மிச்சம் எங்கே போகும்? மெத்தையும் சுவரும் கொஞ்சம் உறிஞ்சும், கதவிடுக்கில் கொஞ்சம் கசியும், மற்றது கண்ணாடிக்கு வந்து சேரும். காலையில் சமையலறை ஜன்னல் காய்ந்தும் படுக்கையறை ஜன்னல் நனைந்தும் இருப்பது இதனால்தான்.

அடுத்தது அடுப்பு. ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்னும் வீட்டுக்கும், காலையில் இட்லிக் கொப்பரை, மதியம் குக்கர், இரவு ரசம் என்று ஓடும் வீட்டுக்கும் ஈரத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குக்கர் விசில் ஒவ்வொன்றும் காற்றுக்குக் கொடுக்கிற தண்ணீர்தான். கேஸ் அடுப்பாக இருந்தால் இன்னொரு பங்கும் சேரும். இயற்கை எரிவாயு எரியும்போது வேதியியல்படி தண்ணீர் உண்டாகிறது: ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஒன்றரை லிட்டருக்கும் அதிகம். பாத்திரத்தில் ஒன்றுமே இல்லாமல் சும்மா எரியவிட்டாலும் அது வரும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்காரக்கூடாது என்பதற்கு ஜன்னல் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் உயிர்.

பிறகு துணி. மெஷினில் சுற்றிப் பிழிந்து எடுத்த ஒரு லோடு பருத்தித் துணியில் இன்னும் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். டிரையரில் போட்டால் சுருங்கும் என்று வேட்டியையும் காட்டன் சேலையையும் அறைக்குள்ளே ஸ்டாண்டில் விரித்தால், காய்ந்த பிறகு அந்த இரண்டு லிட்டரும் வீட்டுக் காற்றில்தான் இருக்கும். துணி காய்ந்தது, ஜன்னல் நனைந்தது.

செடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த ஊரில் கறிவேப்பிலைச் செடியைக் குழந்தை மாதிரி வளர்ப்பார்கள். அக்டோபரில் தொட்டியோடு உள்ளே தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள், பக்கத்தில் துளசி, மல்லிகை. செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் மிகச் சிறு பங்குதான் செடியிலேயே தங்கும். மற்றதெல்லாம் இலை வழியாகவும் மண்ணிலிருந்தும் காற்றுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் செடிக்கு அவ்வளவு தேவையே இல்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது நான் செய்த இன்னொரு வேலை. கனடா குளிரில் தோல் வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், காற்று ரொம்ப வறண்டது என்று எல்லோரும் சொன்னார்கள் என்பதற்காக காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கி இரவெல்லாம் ஓடவிட்டேன். அதாவது ஒரு கையால் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பழைய, இடுக்குகள் நிறைந்த பெரிய வீட்டில் இரண்டு பேர் இருந்தால் காற்று வறளும் என்பது உண்மைதான். சின்ன பேஸ்மென்டில் நான்கு பேர் மூன்று வேளை சமைத்துச் சாப்பிட்டால் அது நேரெதிர். உங்கள் வீடு எந்த ரகம் என்று ஊகிக்க வேண்டாம். பத்து இருபது டாலருக்குச் சின்ன ஈரப்பதமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். எங்களுடையது முதல் நாளே 61 சதவீதம் காட்டியது. ஹியூமிடிஃபையர் அன்றே பெட்டிக்குள் போய்விட்டது. தனி வீடாக இருந்தால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு சேர்ந்தே ஒரு ஹியூமிடிஃபையர் இருக்கக்கூடும். அதன் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன எண்ணிலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். வரிசை முக்கியம். தண்ணீரை உண்டாக்காமல் இருப்பது, உண்டானதை வெளியேற்றுவது, கண்ணாடியைச் சூடாக வைப்பது, அதன் பிறகுதான் துடைப்பது. நான் கடைசியிலிருந்து தொடங்கி ஒரு மாதம் வீணாக்கினேன்.

பாத்திரத்தை மூடிச் சமைப்பது செலவில்லாத வேலை. அடுப்புக்கு மேலே இருக்கும் ஹுட் காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பல அப்பார்ட்மென்ட்களில் அது வெறுமனே ஒரு வடிகட்டி வழியாக இழுத்து, மறுபடி உங்கள் முகத்திலேயே ஊதும். மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், நீராவியை ஒன்றும் செய்யாது. அப்படியிருந்தால் சமைக்கும்போது சமையலறை ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதே மேல். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு டிஷ்யூ காகிதம் போதும். ஓடும் ஃபேனில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் ஃபேன் சத்தம் மட்டுமே போடுகிறது, தூசி தட்டுங்கள் அல்லது ஆளைக் கூப்பிடுங்கள். குளித்து முடித்த உடனே அதை அணைக்காமல் இன்னும் இருபது முப்பது நிமிடம் ஓடவிடுங்கள், கதவைச் சாத்தியே வையுங்கள். துணி உலர்த்தியே ஆக வேண்டுமா? அதே குளியலறையில், அதே ஃபேனுக்குக் கீழே. துணி டிரையரின் குழாய் வெளியே போகிறதா என்பதையும் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே விட்டுவைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஜன்னலைத் திறப்பது. "ஹீட்டரையும் போட்டுவிட்டு ஜன்னலையும் திறக்கிறானே, காசு என்ன மரத்திலா காய்க்கிறது" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு வேறு மாதிரி. அந்த 29 கன மீட்டர் அறைக் காற்று முழுவதையும் மைனஸ் 10 டிகிரிக் காற்றால் மாற்றி, மறுபடி 20 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் மின்சாரம் சுமார் 0.3 யூனிட். காற்றில் சூடு அவ்வளவு குறைவாகத்தான் இருக்கிறது. வீட்டின் சூடெல்லாம் சுவரிலும் தரையிலும் கட்டிலிலும் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் அவை ஆறிவிடாது. அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே போகிற தண்ணீரோ, அறை 60 சதவீதத்தில் இருந்திருந்தால், கால் லிட்டருக்கு நெருக்கம்.

ஸ்னோ கொட்டுகிறதே, வெளிக்காற்று ஈரமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். படிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 10 டிகிரிக் காற்று நூறு சதவீதம் நிறைந்திருந்தாலும் அது அரை ஆழாக்குதான். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். குளிர்காலத்தில் வெளிக்காற்று, எவ்வளவு பனி பெய்தாலும், உலர்ந்த காற்றுதான். ஜெர்மனியில் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஜன்னலைக் கீற்றளவு திறந்து நாளெல்லாம் விடுவதில்லை. அகலத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் சாத்திவிடுவார்கள். மைனஸ் 20 அடிக்கும் நாளில் இரண்டு மூன்று நிமிடம் போதும். எழுந்தவுடன் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. ஒரே நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மெத்தை, சுவர், மரச்சாமான் எல்லாம் கோடையிலேயே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கக்கும். ஹீட்டர் போடத் தொடங்குகிற முதல் சில வாரங்களில் ஜன்னல் அதிகம் நனைவதும், புதிதாகக் கட்டிய வீட்டில் முதல் குளிர்காலம் மோசமாக இருப்பதும் இதனால்தான். புது கான்கிரீட்டில் ஏகப்பட்ட தண்ணீர் பாக்கியிருக்கும். சமீப காலத்தில் கட்டிய வீடுகளில் எச்.ஆர்.வி. என்ற கருவி வைத்திருப்பார்கள். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றிவிடும் காற்றோட்டக் கருவி அது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அதை அணைத்து வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அணைக்காதீர்கள்.

கண்ணாடியைச் சூடாக வைப்பதற்கு ஒரு சின்னக் கவனிப்பு போதும். இந்த நாட்டு வீடுகளில் வெப்பக்காற்றுத் துளையோ ஹீட்டரோ ஏன் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எழும்பும் சூடான காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான். நாம் அதன் மேலேயே சோபாவைப் போட்டு, தரை வரை தொங்கும் கனத்த திரையையும் மாட்டிவிடுகிறோம். திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்துபோகும், ஆனால் நீராவி திரையைச் சுற்றித் தாராளமாக உள்ளே போய்விடும். இரவில் திரையைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள், சோபாவை ஒரு சாண் முன்னால் இழுங்கள். வாடகை வீட்டில் கண்ணாடியை மாற்ற முடியாது. ஆனால் ஜன்னல் சட்டத்தில் இருபக்கப் பசைநாடா ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டி விறைப்பாக்கும் கிட் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே ஓர் அடுக்குக் காற்றை அது சிறைப்பிடிப்பதால், ஒரு கண்ணாடி கூடுதலாகப் போட்ட மாதிரி. ஓரம் முழுக்க இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு மூலை பிரிந்தால் நீராவி உள்ளே போய்த் தாளுக்குப் பின்னால் படியும், துடைக்கவும் முடியாது.

புழங்காத அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது சிக்கனம் மாதிரித் தோன்றும். வீட்டின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த அறையைத் தேடிப்போய்ப் படியும். பிப்ரவரியில் அங்கே அலமாரிக்குப் பின்னால் பார்த்தால் சுவர் கறுத்திருக்கும்.

ஜன்னலோரம் ஒரு கிண்ணத்தில் உப்பு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு மூன்று பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்குவது ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான். ஊரில் ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதும், சித்திரையில் பொலபொலவென்று இருப்பதும் நினைவிருக்கிறதா? 50 சதவீத வீட்டில் உப்புக் கிண்ணம் சும்மாவே உட்கார்ந்திருக்கும். கால்சியம் குளோரைடு போட்ட டப்பாக்கள் உண்மையிலேயே இழுக்கும், ஆனால் ஓர் அலமாரிக்குத்தான் தாங்கும், அறைக்குத் தாங்காது. கண்ணாடியில் சோப்போ ஷேவிங் கிரீமோ தேய்த்தால் மங்குவது குறையும், தண்ணீர் குறையாது. துளித்துளியாக நிற்காமல் ஒரே படலமாக வடியும், அவ்வளவுதான். இவை எதுவும் எடுபடாமல் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்கலாம். எங்கள் பேஸ்மென்டில் அது கோடையில்தான் உண்மையாக உழைத்தது.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மங்கலாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஓர அடைப்பு பழுதாகிவிட்டது, அந்தக் கண்ணாடி ஜோடியையே மாற்ற வேண்டும். வெளிப்பக்கம் காலையில் பனித்திருந்தால் கவலையே வேண்டாம். நல்ல கண்ணாடி உள்சூட்டை வெளியே விடாததால் அதன் வெளிமுகம் குளிர்ந்து, இலையுதிர்கால விடியலில் புல் நனைவதுபோல் நனைகிறது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வழக்கமாகக் காய்ந்திருக்கும் வீட்டில், சமையலோ குளியலோ காரணமில்லாமல், திடீரென்று எல்லா ஜன்னலும் நனைந்தால் ஃபர்னஸையோ வாட்டர் ஹீட்டரையோ சந்தேகப்பட வேண்டும். புகைபோக்கி அடைபட்டு, எரிந்த வாயு வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பினாலும் இப்படித்தான் நனையும். அந்த வாயுவில் தண்ணீரோடு கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதற்கு மணம் கிடையாது. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் எரிபொருள் எரியும் கருவி உள்ள வீடுகளில் அதற்கான அலாரம் சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பொத்தானை அழுத்திப் பாருங்கள். தலைவலி, தலைசுற்றலும் சேர்ந்திருந்தால் ஆராய்ச்சி வேண்டாம், எல்லோரும் வெளியே வந்து அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.

துடைப்பதைக் கடைசிக்கு ஒதுக்கினேனே தவிர, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓரிரு நாள் ஈரம் நின்றாலே மரக்கட்டையில் பூஞ்சை தொடங்கிவிடும். முதலில் கரும்புள்ளியாக மூலையில் தெரியும். பாத்திரம் துலக்கும் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து நன்றாக உலர்த்தினால் போதும், ப்ளீச் தேவையில்லை. கையளவு, இரு கையளவு என்றால் நீங்களே செய்யலாம். சுவர் முழுக்கப் பரவியிருந்தாலோ, துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தாலோ, படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் இப்போது மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். போன ஜனவரியில் மைனஸ் 20 அடித்த இரவுக்கு மறுநாள் காலையிலும் கண்ணாடியின் அடியில் விரல் அகலத்துக்கு ஓர் ஈரக்கோடு இருந்தது. ஈரப்பதமானி 31 காட்டியது. அதற்கும் கீழே கொண்டுபோகலாம்தான், மனைவிக்கு உதடு வெடிக்கிறது. அதனால் அந்தக் கோட்டைப் பழைய வேட்டித் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு டீ போடப் போனேன். கறிவேப்பிலைச் செடி அதே ஜன்னலில்தான் இருக்கிறது. தண்ணீர் மட்டும் வாரத்துக்கு இரண்டு டம்ளர்.